நான்கே மாதம் நடந்த கல்லூரி: கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை உருவாக்க முயன்ற வரலாறு

ஒரு கல்லூரி. அங்கே கணக்குப் பாடம் எடுப்பவர்கள் லாக்ராஞ்சும் லாப்லாசும். வடிவியலுக்கு மோஞ்ச். வேதியியலுக்கு பெர்தோலே. மாணவர்கள் வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் ஃபூரியர்! லாப்லாஸ் உருமாற்றம், லாக்ராஞ்ச் சூத்திரம், ஃபூரியர் தொடர் என்று இன்றைய பொறியியல் மாணவர்களைத் தேர்வுக்கு முந்தைய இரவில் தூங்கவிடாமல் செய்யும் பெயர்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

கற்பனை மாதிரி தெரிகிறதா? உண்மையிலேயே இப்படி ஒரு கல்லூரி இருந்தது. இடம் பாரிஸ், ஆண்டு 1795. அந்தக் கல்லூரியின் வேலை விஞ்ஞானிகளை உருவாக்குவது அல்ல. நாடு முழுவதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களை உருவாக்குவது. அதற்காக அந்தக் காலத்தின் தலைசிறந்த மூளைகளை எல்லாம் பிரான்ஸ் அரசு ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனாலும் நான்கே மாதத்தில் கல்லூரியின் கதவு சாத்தப்பட்டது.

ஏன் அப்படி ஆனது? பாடம் தெரிந்தவரால் பாடம் சொல்லிக்கொடுக்கவும் முடியுமா என்ற கேள்வி 200 ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியின் கதை இங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது.

வெடிமருந்தில் பிறந்த யோசனை

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பழைய அரசோடு பழைய கல்வி முறையும் சரிந்தது. அதுவரை பெரும்பாலான பள்ளிகளை நடத்திவந்தது திருச்சபை. அதன் சொத்துகள் பறிபோனதும், பாதிரியார்கள் விரட்டப்பட்டதும் பள்ளிகளும் முடங்கின. எல்லோருக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்று 1792-ல் திட்டம் போட்டுக் கொடுத்தவர் கணித மேதை கோந்தோர்சே. 1794 மார்ச்சில் அவர் சிறையில் இறந்துபோனார். அதே ஆண்டு மே 8-ஆம் தேதி வேதியியலின் தந்தை என்று போற்றப்படும் லவாய்சியர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பள்ளி நடத்த அரசு தயாராக இருந்தாலும் பாடம் சொல்ல ஆள் எங்கே?

இதற்கு விடை ஒரு வித்தியாசமான இடத்திலிருந்து வந்தது. அப்போது பிரான்ஸ் தன்னைச் சுற்றியிருந்த நாடுகளோடு போரில் இருந்தது. வெடிமருந்துக்கும் பீரங்கிக்கும் கடும் தட்டுப்பாடு. 1794-ன் தொடக்கத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் இரண்டு பேரைப் பாரிசுக்கு வரவழைத்தார்கள். வெடியுப்பு எடுப்பது, வெடிமருந்து தயாரிப்பது, பீரங்கி வார்ப்பது ஆகியவற்றை மோஞ்ச், பெர்தோலே போன்ற விஞ்ஞானிகளே நேரில் கற்றுக்கொடுத்தார்கள். சுமார் ஒரு மாதப் பயிற்சிதான். வந்தவர்கள் ஊர் திரும்பி வேலையில் இறங்கினார்கள். திட்டம் வெற்றி!

ஒரு மாதத்தில் வெடிமருந்து வல்லுநர்களை உருவாக்க முடிந்தால், அதே வழியில் ஆசிரியர்களையும் உருவாக்கலாமே என்று ஆட்சியில் இருந்தவர்களுக்குத் தோன்றியது. மேலே சிலருக்குச் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் ஊருக்குப் போய்ப் பலருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள். 1794 அக்டோபர் 30-ல் தேசிய மாநாடு என்று அழைக்கப்பட்ட அன்றைய நாடாளுமன்றம் இதற்கான ஆணையை நிறைவேற்றியது. இதை முன்னின்று நடத்தியவர் லக்கனால்.

20,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் மாவட்டங்கள் ஆள் அனுப்ப வேண்டும். வயது 21-க்குக் குறையக் கூடாது. ஆண்டுக்கு 1,200 ஃப்ராங்க் என்ற கணக்கில் உதவித்தொகை உண்டு. பயிற்சிக் காலம் குறைந்தது நான்கு மாதம். ஊர் திரும்பியதும் அவரவர் பகுதியில் இதேபோல ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்த வேண்டும். ஏற்கெனவே படித்தவர்களுக்குக் 'கற்பிக்கும் கலை'யைச் சொல்லித்தருவதே நோக்கம் என்று ஆணையின் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன 'நார்மல்' பள்ளி?

கல்லூரிக்கு வைத்த பெயர் 'எக்கோல் நார்மால்'. லத்தீனில் 'நார்மா' என்றால் தச்சர்கள் பயன்படுத்தும் மூலைமட்டம். அதிலிருந்து விதி, அளவுகோல், முன்மாதிரி என்ற பொருள்கள் வந்தன. மற்ற பள்ளிகளுக்கெல்லாம் முன்மாதிரியாக இருக்கும் பள்ளி என்பதுதான் அர்த்தம். இந்தப் பெயர் பிற்பாடு உலகம் முழுவதும் பரவியது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1856-ல் சென்னையில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் பெயரும் 'கவர்ன்மென்ட் நார்மல் ஸ்கூல்'தான். இன்று சைதாப்பேட்டையில் இருக்கும் கல்வியியல் கல்லூரி அதன் வாரிசு.

கூடத்துக்குள் நடந்தது என்ன?

1795 ஜனவரி 20-ல் பாரிசின் தாவரத் தோட்டத்தில் இருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கூடத்தில் வகுப்புகள் தொடங்கின. வந்தவர்கள் சுமார் 1,400 பேர். உட்காரவே இடம் போதவில்லை. கடுமையான குளிர்காலம் வேறு.

பாடம் நடத்த ஒரு புதுமையான விதி போட்டிருந்தார்கள். பேராசிரியர்கள் எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, நேரடியாகப் பேச வேண்டும். சுருக்கெழுத்தாளர்கள் அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். அது அச்சாகி மாணவர்களின் கைக்கு வரும். அதைப் படித்துவிட்டு வந்து, விவாத வகுப்பில் பேராசிரியரையே கேள்வி கேட்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் இப்படி ஒரு ஏற்பாடு என்பது ஆச்சரியம்தான்.

லாப்லாஸ் எண்களை எழுதும் முறையிலிருந்து தொடங்கினார். லாக்ராஞ்ச் பின்னங்கள், மடக்கைகள், சமன்பாடுகள் என்று போனார். இன்று அவர் பெயரில் வழங்கும் இடைச்செருகல் சூத்திரம் அவருடைய இந்த வகுப்புகளில்தான் இடம்பெற்றது. மோஞ்ச் எடுத்தது விவரண வடிவியல். முப்பரிமாணப் பொருளை மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னிருந்து பார்த்தால் எப்படி என்று தாளில் வரைந்து காட்டும் கலை. முதலாண்டு பொறியியலில் டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு அலையும் எல்லோரும் மோஞ்சுக்குத்தான் நன்றி (அல்லது வேறு ஏதாவது!) சொல்ல வேண்டும். அதுவரை ராணுவப் பொறியியல் பள்ளியில் ரகசியமாக வைத்திருந்த அந்தப் பாடம் பொதுமக்கள் முன் பேசப்பட்டது இங்கேதான்.

விவாத வகுப்பில் நடந்த ஒரு சம்பவம் சுவையானது. நேர்கோடு, தளம் என்றால் என்ன என்பதை எப்படி வரையறுப்பது? 26 வயது ஃபூரியர் எழுந்து மோஞ்சிடம் ஒரு யோசனை சொன்னார். இரண்டு புள்ளிகளிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தது தளம். மூன்று புள்ளிகளிலிருந்து சம தூரத்தில் இருப்பவை சேர்ந்தால் நேர்கோடு. 'தூரம்' என்ற ஒரே கருத்தை வைத்துக்கொண்டு வடிவியலைத் தொடங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். சின்னப் பிள்ளைகளுக்கு எதிலிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று யோசிக்கும் ஒருவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

எங்கே சறுக்கியது?

ஆனால் 1,400 பேரும் ஃபூரியர் இல்லையே! மாவட்டங்கள் ஆள் அனுப்பியதில் ஒரு ஒழுங்கும் இல்லை. சிலர் ஏற்கெனவே நல்ல கணித ஆசிரியர்கள். சிலருக்கு அடிப்படைக் கணக்கே தடுமாற்றம். இருவரும் ஒரே பெஞ்சில். பேராசிரியர் யாருக்காகப் பேசுவது?

பேசத் தெரிவதும் ஒரு பிரச்சினையாக இருந்தது. ஃபூரியர் தன் பேராசிரியர்களைப் பற்றி விட்டுச்சென்ற குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. லாக்ராஞ்சின் இத்தாலிய உச்சரிப்பு அங்கிருந்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது. லாப்லாஸ் வேகமாகப் பேசிக்கொண்டே போனார். பெர்தோலேயின் பேச்சைப் பின்தொடர்வதே சிரமம். ஃபூரியர் போன்ற சிலரே இவர்களின் அருமையை உணர்ந்து ரசித்தார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சறுக்கல் வேறு. ஆணை சொன்னது 'கற்பிக்கும் கலை' என்று. ஆனால் வகுப்பில் பெரும்பாலும் நடந்தது அந்தந்தப் பாடம்தான். பத்து வயதுப் பையனுக்குப் பின்னம் ஏன் குழப்புகிறது, எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான், அப்போது ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் நேரமும் இல்லை, அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஆளும் இல்லை. பெரிய விஞ்ஞானி பேசுவதைக் கேட்டால் கற்பிக்கும் முறை தானாக வந்துவிடும் என்று நம்பினார்கள்.

வெடிமருந்துப் பயிற்சி ஒரு மாதத்தில் ஏன் வெற்றி பெற்றது என்பதும் இங்கே புரிகிறது. எல்லா ஊரிலும் வெடியுப்பு ஒன்றுதான், செய்முறையும் ஒன்றுதான். பயிற்சியில் கையால் செய்ததையே ஊரிலும் கையால் செய்தார்கள். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளோ ஒருவரைப் போல ஒருவர் இருப்பதில்லை.

இதற்கிடையில் காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்து உதவித்தொகை செல்லாக்காசு ஆகிக்கொண்டிருந்தது. பாரிசில் ரொட்டிக்குப் பஞ்சம். 1795 மே 19-ல் கல்லூரி மூடப்பட்டது. மறுநாளே ரொட்டி கேட்டு பாரிஸ் மக்கள் கலகத்தில் இறங்கினார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஊர் திரும்பியவர்கள் மாவட்டந்தோறும் பயிற்சிப் பள்ளி தொடங்குவார்கள் என்ற கனவு காகிதத்தோடு நின்றுபோனது.

முழுத் தோல்வி என்று சொல்லிவிடவும் முடியாது. வகுப்புக் குறிப்புகள் அச்சாகி நிலைத்தன. லாப்லாஸ் நிகழ்தகவு பற்றி எடுத்த ஒரு வகுப்பு வளர்ந்து 1814-ல் புகழ்பெற்ற நூலானது. மோஞ்சின் பாடங்கள் 1799-ல் புத்தகமாயின. மாணவர்களில் பலர் அடுத்து வந்த இடைநிலைப் பள்ளிகளில் ஆசிரியர் ஆனார்கள். 1808-ல் நெப்போலியன் கல்லூரியை மீண்டும் நிறுவினார். ஆனால் அந்த வரிசையில் வந்த பாரிஸ் கல்லூரி காலப்போக்கில் மாபெரும் விஞ்ஞானிகளை உருவாக்கும் இடமாகத்தான் பெயர் வாங்கியது. சின்ன ஊர்ப் பள்ளி ஆசிரியர் என்ற முதல் கனவு பின்னுக்குப் போய்விட்டது.

ஜெர்மனியில் நடந்த இரட்டை மறதி

பாரிசின் குறை நேரமின்மை என்றால், நேரம் கொடுத்துப் பார்த்த நாடு பிரஷ்யா. 1810-லேயே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆக அரசுத் தேர்வு எழுத வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆசிரியர் ஆகப்போகிறவர்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் கணிதம் படித்தார்கள். பாட அறிவில் குறையே இல்லை. நவீன பகுப்பாய்வுக் கணிதத்தின் தந்தை எனப்படும் வயர்ஸ்ட்ராஸ்கூடப் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான்.

ஆனால் இங்கே வேறு ஒரு நோய் முளைத்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் க்ளைன். பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் வரும் மாணவர் அங்கே பார்க்கும் கணிதத்துக்கும் பள்ளிக் கணக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால் பள்ளியில் படித்ததை மறக்கிறார். பட்டம் வாங்கி ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பியதும், பல்கலைக்கழகத்தில் படித்தது எதற்கும் அங்கே பயன் இல்லை. அதையும் மறந்துவிட்டு, தனக்கு யார் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அதே பழைய பாணியில் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறார். இதற்கு க்ளைன் வைத்த பெயர் 'இரட்டைத் தொடர்பறுதல்'. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான்.

க்ளைன் குறை சொல்வதோடு நிற்கவில்லை. ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்கென்றே தனி வகுப்புகள் எடுத்தார். 1908-ல் அது நூலாக வந்தது. உயர்ந்த மேட்டில் நின்று பள்ளிக் கணக்கைத் திரும்பிப் பார்ப்பதுதான் அதன் சாரம். உதாரணமாக, குறையைக் குறையால் பெருக்கினால் ஏன் மிகை வருகிறது? மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. இதை நிரூபித்துவிட்டதாக மாணவர்களை நம்பவைப்பதை க்ளைன் கண்டித்தார். அது ஒரு நியாயமான ஏற்பாடு. ஏன் நியாயம் என்பதை எளிய உதாரணங்களால் காட்டுங்கள் என்றார். இந்தப் பதிலைச் சொல்ல உயர்கணிதமும் தெரிய வேண்டும், எதிரில் இருக்கும் பிள்ளையின் மனசும் தெரிய வேண்டும்.

அதே 1908-ல் ரோமில் நடந்த கணித மாநாட்டில் கணிதம் கற்பித்தலுக்கென ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. முதல் தலைவர் க்ளைன். அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால்?

லாக்ராஞ்சின் வகுப்பில் இல்லாததும், க்ளைன் தொட்டுக் காட்டியதுமான அந்த விஷயத்துக்கு ஒரு பெயர் கிடைக்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லீ ஷுல்மன் அதைக் 'கற்பித்தலுக்கான பாட அறிவு' என்ற பொருளில் அழைத்தார். பாடத்தைப் பற்றிய அறிவு ஒன்று. பொதுவாக வகுப்பை நடத்தும் திறமை இன்னொன்று. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது அறிவு ஒன்று உண்டு. இந்தப் பாடத்தில், இந்த இடத்தில் மாணவர்கள் எப்படித் தவறாகப் புரிந்துகொள்வார்கள், எந்த உதாரணம் கைகொடுக்கும், எது காலை வாரும் என்று தெரிந்திருப்பது.

இதற்கு அழுத்தமான சான்று 1999-ல் வெளியான லிப்பிங் மா என்பவரின் ஆய்வு நூலில் வந்தது. லிப்பிங் மா சீனாவில் பிறந்தவர். கலாச்சாரப் புரட்சியின்போது படிப்பு பாதியில் நிற்க, கிராமத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே பள்ளி ஆசிரியர் ஆனவர். பிறகு அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்தார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கேட்கப்பட்ட ஒரே கேள்வியின் பதில்களை ஒப்பிட்டார். ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால் என்ன? அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள்.

விடை மூன்றரை. அமெரிக்க ஆசிரியர்களில் கணக்கைப் போட்டுப் பார்த்த 21 பேரில் 9 பேர்தான் முழுமையாகச் சரியான விடைக்கு வந்தார்கள். கதைக்கணக்கைப் பொருத்தமாகச் சொன்னவர் ஒரே ஒருவர். பலர் 'ஒன்றேமுக்கால் ரொட்டியை இரண்டு பேர் பங்கு போட்டால்' என்கிற மாதிரி சொன்னார்கள். அது இரண்டால் வகுப்பது, அரையால் அல்ல! 'ஒன்றேமுக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் வரும்' என்று கேட்டிருந்தால் சரி.

சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகக் கணக்குப் போட்டார்கள். 65 பேர் பொருத்தமான கதைக்கணக்கும் சொன்னார்கள். இதில் வியப்பு என்னவென்றால், சீன ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள். அமெரிக்கர்களோ பட்டதாரிகள். அதிகம் படித்தவர்கள் ஏன் தடுமாறினார்கள்? சீன ஆசிரியர்கள் வேலைக்கு வந்தபிறகும் பாடப்புத்தகத்தை வரிவரியாக அலசினார்கள். ஒரே பாடத்தை எடுப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று பேசினார்கள். அந்த மூன்றாவது அறிவு பட்டத்தில் இல்லை, இந்தப் பழக்கத்தில் இருந்தது.

இந்தியா பார்த்த இரண்டு முயற்சிகள்

இந்தியாவில் வழக்கமான பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் பி.எஸ்சி., அப்புறம் பி.எட். முதல் மூன்று ஆண்டு பாடம், கடைசியில் கற்பித்தல். க்ளைன் சொன்ன அதே பிளவு. இதை மாற்ற 1963-ல் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் எழுந்தன. அறிவியலையும் அதைக் கற்பிக்கும் முறையையும் சேர்த்தே நான்கு ஆண்டு படிக்கும் பட்டப்படிப்பு அங்கே நடந்தது. தென் மாநிலங்களுக்கு மைசூர். நல்ல யோசனை. ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் நான்கே இடங்கள்! அந்த யோசனை பொது விதியாக 2020 தேசியக் கல்விக் கொள்கை வரை காத்திருந்தது. பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியே நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். என்ற நிலை 2030-க்குள் வர வேண்டும் என்று அந்தக் கொள்கை சொல்கிறது.

இன்னொரு முயற்சி மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் (இன்று நர்மதாபுரம்) 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. அது வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி. பிள்ளைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர்கள் முதலில் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். மேடையில் நின்று பேசவில்லை. விடுமுறையில் பயிற்சி, பிறகு மாதாந்திரக் கூட்டம், வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற பேச்சு. பாரிசில் விட்டுப்போனது எல்லாம் இங்கே இருந்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

கணக்கு வராது என்று சொல்லி எத்தனையோ பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு பாதை மாறிப் போகிறார்கள். அவர்களில் பலருக்கு வராமல் போனது கணக்கு அல்ல. அரையால் வகுப்பதற்கும் இரண்டால் வகுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பாலையும் பாட்டிலையும் வைத்துக் காட்ட ஒரு ஆள் கிடைக்காமல் போனதுதான். 1795-ல் லாக்ராஞ்ச் கிடைத்தும் பிரான்சுக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை. சீன ஆசிரியர்கள் அதை ஓரளவு சாதித்தார்கள். ஆசிரியர் பயிற்சியை எத்தனை மாதத்தில் முடிக்கலாம் என்று எந்த அரசாவது கணக்குப் போடத் தொடங்கினால், பாரிசின் அந்தக் குளிர்காலக் கூடத்தை ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது நல்லது.